நிழலடியில் ஒரு வாங்கு

யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் காணி. வீட்டைச் சுற்றியிருப்பது வளவு. சென்னைக்குக் குடிவந்த புதிதில், "தோட்டத்துல உக்காரலாம் வாங்க" என்று அயல்வீட்டு அம்மா கூப்பிட்டு, மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்.

எங்கள் வளவை வெளியிலிருந்து பார்த்தால் மூடிய இடம்தான். கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, கிடுகால் ஆளுயரத்துக்கு வேலி அடைத்திருக்கும். ஆனால் பழைய வீடுகளின் வாசலில் சங்கடப்படலை உண்டு. படலைக்கு, அதாவது வாசற்கதவுக்கு, மேலே சின்னக் கூரை, இரு பக்கமும் திண்ணை. வெயிலில் வந்த வழிப்போக்கர் யாரையும் கேட்காமல் இளைப்பாறலாம். உள்ளே மாமர நிழலில் ஒரு வாங்கு, அதாவது பெஞ்சு, கிடக்கும். பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும். வற்றாத ஆறில்லாத ஊர் என்பதால் பசுமை கிணற்றைச் சுற்றியே வளர்ந்தது. குளித்த தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழைக்கும் தென்னைக்கும் பாயும்.

தமிழ்நாட்டுப் பழைய தெருவீடுகளில் இது தலைகீழ். திண்ணை தெருவைப் பார்த்துத் திறந்திருக்க, பச்சையெல்லாம் கொல்லைப்புறத்தில் இருந்தது: கிணறு, துவைகல், முருங்கை, மருதாணி. வந்தவருக்குத் திண்ணை, வீட்டுப் பெண்களுக்குக் கொல்லை. அடுக்குமாடிகளில் இரண்டுமே இல்லை. மிஞ்சியது மொட்டை மாடி.

அங்கே பலரும் செடிப் பைகளை எண்ணி எண்ணி வைத்துவிட்டு உட்கார இடம் விடுவதில்லை. எனக்கு இது பெரிய குறை. நான் முதலில் நிழலைத்தான் தேடுவேன். பீர்க்கையோ சங்குப்பூவோ படரும் பந்தல் போதும். அது ஏறும்வரை பச்சை நிழல்வலை. தளத்துக்குப் பாரம் ஏறாமலிருக்க மண்ணோடு தென்னைநார்க் கழிவைக் கலக்கலாம், கனமான தொட்டிகளைச் சுவரோரம் வைக்கலாம். பகல் முழுக்கக் காய்ந்த சிமெண்ட் இரவிலும் சூடு விடும் என்பதால் சிமெண்ட் பெஞ்சு வேண்டாம். மர வாங்கோ கயிற்றுக் கட்டிலோ நல்லது. அருகில் ஒரு தொட்டி மல்லிகை, ஒரு மண்பானைத் தண்ணீர்.

ஊரிலும் இப்போது மதில்கள் வந்துவிட்டன. ஆண்டுதோறும் வேலி அடைக்க ஆளில்லை, குறை சொல்ல முடியாது. முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டு, சருகு கொட்டுகிறதென்று மரத்தை வெட்டுவதுதான் மனதை வருத்துகிறது. எங்கள் மதில் எழும்பியபோது படலையடி வேம்பைத் தொட அம்மா விடவில்லை. மதிலை உள்ளே வளைத்துக் கட்டி, வேம்பைத் தெருப்பக்கம் விட்டு, அடியில் ஒரு கல் போட்டோம். மீன்காரர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அந்தக் கல்லில் இருந்தபடிதான் அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா சட்டியோடு ஒரு செம்பு தண்ணீரும் கொண்டு போவார்.