அரையாண்டு விடுமுறையும் ஒருநாள் சேவையும்

சிங்கப்பூருக்குச் சுற்றுலா போக இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. இந்திய பாஸ்போர்ட்காரர் எடுக்க வேண்டும். சென்னையில் இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. பெரிய நாட்டுக்காரனுக்குத்தானே எல்லாக் கதவும் திறக்கும் என்கிற நினைப்பு. டிசம்பர் கடைசி வாரத்தில் செந்தோசாவைப் பார்க்க ஆசைப்படும் மயிலாப்பூர்க் குடும்பம் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டிடம் படிவமும் போட்டோவும் கொடுத்து, ஆளுக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி கட்டி, மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது என்று தெரிந்தே காத்திருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தைக் குடும்பம் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பிவிட்டு விமானம் ஏறிவிடலாம்.

ஆனால் அதே வெள்ளவத்தைக் குடும்பம் பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கும் தம்பியைப் பார்க்க ஷெங்கன் விசா கேட்கட்டும், நிலைமை தலைகீழாகிவிடும். தம்பி எழுதிய அழைப்புக் கடிதம், அவர் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், இங்கே காணி உறுதி, வங்கிக் கணக்கு எல்லாம் கட்டாகக் கொடுத்தும் விண்ணப்பம் திரும்பி வருவது சாதாரணம். மறுக்கப்படும் வீதம் இந்தியரைவிட இலங்கையருக்கு அதிகம். வந்தவர் திரும்பிப் போவாரா என்ற சந்தேகம், போர் முடிந்து இத்தனை வருடம் ஆன பிறகும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரை விட்டுப் போகவில்லை. உறவு அங்கே இருப்பதுதான் போவதற்குக் காரணம். மறுப்பதற்கும் அதுவே காரணமாகிறது.

விளைவு என்னவென்றால், தம்பி பாரிஸிலிருந்தும் அக்கா கொழும்பிலிருந்தும் கிளம்பி நடுவில் ஓர் ஊரில் சந்திக்கிறார்கள். சென்னை, திருச்சி, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று அந்த நடு ஊர்கள் மாறும். போர்க்காலத்தில் கனடா மாப்பிள்ளைக்கும் யாழ்ப்பாணப் பெண்ணுக்கும் சென்னையிலோ திருச்சியிலோ மண்டபம் பிடித்துக் கல்யாணம் நடத்திய பழக்கத்தின் நீட்சி இது. தமிழ்நாட்டுக் குடும்பம் டிசம்பர் பயணம் போடும்போது எந்த ஊர், எவ்வளவு செலவு என்று கேட்கிறது. இலங்கைத் தமிழ்க் குடும்பம் யார் யார் வருகிறார்கள், யாருக்கு எங்கே விசா கிடைக்கும் என்று கேட்கிறது. ஊர் அதிலிருந்து தானாக முடிவாகும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற பெரும்பாலான வித்தியாசங்கள் விளங்கிவிடும் என்பது என் கட்சி.

காலண்டரையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு டிசம்பர் 23ஐ ஒட்டி முடியும். புத்தாண்டு கழித்துப் பள்ளி திறந்துவிடும். இருக்கும் எட்டுப் பத்து நாளுக்குள் போய் வந்தாக வேண்டும். "அரையாண்டு என்னிக்கு முடியுது? அன்னிக்கு ராத்திரிக்கே டிக்கெட் போட்டுடு" என்பதுதான் வீட்டுத் தீர்மானம். ஊரிலுள்ள அத்தனை அப்பாக்களும் அதே ராத்திரியைக் குறி வைப்பதால் கட்டணம் ஏறுவதில் ஆச்சரியமில்லை. இதற்கு மார்கழியும் துணை. மார்கழியில் கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவும் கிடையாது. எந்த விசேஷத்துக்கும் தலைகாட்ட வேண்டிய கட்டாயமில்லை. உறவுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்காமல் வெளிநாடு போகத் தமிழனுக்குத் தோதான மாதம் அதுதான். சபாக்களில் கச்சேரி கேட்பவர்கள் மட்டும் நகர மாட்டார்கள். மாறாக, அவர்களுடைய அமெரிக்கப் பிள்ளைகள் அந்த மாதம் இங்கே வந்து இறங்குவார்கள்.

இலங்கையில் டிசம்பர் என்பது மூன்றாம் தவணை முடிந்த நீண்ட விடுமுறை. கொரோனாவுக்குப் பிறகு அந்த நாள்காட்டி சில ஆண்டுகள் குழம்பிக் கிடந்தது என்பது வேறு கதை. விடுமுறை நீளம்தான், ஆனால் பரீட்சை அதன் குறுக்கே படுத்திருக்கும். முன்பு சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில் நடந்தது. அண்மைய ஆண்டுகளில் உயர்தரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2024இல் நவம்பர் 25 அன்று தொடங்கி, மழையால் தடைபட்டு, டிசம்பர் 31 வரை இழுத்தது. ஏ.எல். எடுக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த வருடம் பயணப் பேச்சே எழாது. இன்னொன்று, புலம்பெயர்ந்த உறவுகள் நத்தார் விடுமுறைக்கு வருவதும் அந்தச் சமயத்தில்தான். யாழ்ப்பாணத்துக்கு அவர்கள் கூட்டமாக வரும் காலம் நல்லூர்த் திருவிழாவை ஒட்டிய ஆகஸ்ட் என்றாலும், டொரன்டோ குளிருக்குப் பயந்து டிசம்பரில் வருகிறவர்களும் குறைவில்லை. வீடு நிறைய விருந்தாளியை வைத்துக்கொண்டு எப்படிப் புறப்படுவது? வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு எல்லாருமாக இந்தியாவுக்குப் போவதுதான் அதற்கு அவர்கள் கண்ட வழி. "வீசாவுக்குப் போட்டிருக்கிறம், கிடைச்சாப் பாப்பம்" என்ற பதிலில் உறுதியும் உறுதியின்மையும் சம அளவில் இருக்கும். நல்லவேளையாக இந்தியாவுக்கு இப்போது இ-விசா உண்டு. 2015இல் இலங்கையருக்கும் அந்த வசதி வந்தபின் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம்.

வரிசை என்றதும் கடவுச்சீட்டு ஞாபகம் வருகிறது. இந்தியாவில் பெரியவர்களுக்கான 36 பக்க, பத்தாண்டு பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். அவசரமென்றால் தட்கலுக்கு மேலே 2,000. சேவை மையம் பக்கத்து ஊர்த் தபால் நிலையம் வரை வந்துவிட்டது. நவம்பரில் காலாவதித் தேதியைப் பார்த்துத் திடுக்கிடுபவர்கூட டிசம்பருக்குள் சமாளித்துவிடலாம். இலங்கையில் தட்கலின் இடத்தில் இருப்பது 'ஒருநாள் சேவை'. அதன் கட்டணம் 20,000 இலங்கை ரூபாய். 2022இல் நாடு திவாலான நேரத்திலும், 2024இல் வெற்றுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்த நேரத்திலும் பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலக வாசலில் ராத்திரியே வந்து படுத்தவர்கள் உண்டு. வடக்குக்காரர் வவுனியாவுக்காவது போக வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் கிளை திறந்தது 2025 செப்டம்பரில்தான். இந்தியருக்கு பாஸ்போர்ட் பயணத்துக்கான ஒரு காகிதம். இலங்கையில் அதை எடுத்து வீட்டில் வைத்திருப்பதே ஒரு பாதுகாப்பு என்று நினைக்கிற தலைமுறை இன்னும் இருக்கிறது.

பெயர்ச் சிக்கல் மட்டும் இருவருக்கும் பொது. இனிஷியல் போட்டுக்கொள்ளும் தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. விமானக் கம்பெனிக்காரன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட மாட்டான். இந்தியத் தமிழர் அப்பா பெயரை அங்கே போட்டுவிட்டுக் குடியேற்ற வரிசையில் அப்பா பெயரால் கூப்பிடப்படுகிறார். இலங்கைத் தமிழருக்கு அப்பா பெயரும் தன் பெயரும் சேர்ந்து டிக்கெட்டில் பாதியிலேயே வெட்டுப்படுகிற நீளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று சொன்னபோது, துபாய்க்கு டிசம்பர் டிக்கெட் போட்டிருந்த தமிழ்நாட்டுக்காரர்கள் பட்ட பதற்றம் கொஞ்சமல்ல. பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள்.

போகும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பா டிசம்பரில் குளிரும்; நாலரை மணிக்கே இருட்டும். தமிழ்நாட்டு டூர் கம்பெனிகள் அதைக் கோடைக்கு ஒதுக்கிவிட்டு, இந்த மாதம் கிழக்கே பார்க்கின்றன. தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியருக்கு விசாவை விலக்கியது அவர்களுக்குப் பெரிய வரம். இலங்கையும் அந்தப் பட்டியலில் மேலே இருக்கிறது. 2024இல் அங்கே போன இருபது லட்சத்துச் சொச்சம் வெளிநாட்டுப் பயணிகளில் இந்தியர் நாலு லட்சத்துக்கு மேல், அதாவது முதலிடம். என்ன, டிசம்பரில் தென்னிலங்கைக் கடற்கரை முழுவதும் ரஷ்யரும் ஐரோப்பியரும் நிரம்பி ஓட்டல் வாடகை உச்சத்தில் நிற்கும். மழையில் நனைந்துகொண்டிருக்கும் வடக்கும் கிழக்கும்தான் தமிழருக்கு நெருக்கமான ஊர்கள். நல்லூரும் திருக்கோணேச்சரமும் அங்கேதான் இருக்கின்றன.

மழை இந்த இரண்டு கரைக்கும் பொதுவான விரோதி. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று கொடியசைத்துத் தொடங்கப்பட்டு, ஒரு வாரத்துக்குள் பருவமழைக்காக நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓடியது, நவம்பரில் மறுபடி நின்றது. விடுமுறை வரும்போது கப்பல் இருக்காது என்பது வாடிக்கையாகிவிட்டது. அதற்காகக் கப்பல்காரரைக் குறை சொல்வதற்கில்லை. சென்னை எழும்பூரில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு சேரும் போட் மெயில் காலத்துப் பயணத்தை முடித்துவைத்ததும் ஒரு டிசம்பர்தான். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போயிற்று. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து எண்பதுகள் வரை கப்பல் ஓடியது, பழைய நெரிசல் இல்லாமல்.

ஆகவே வானம்தான் வழி. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமானது. நவம்பரில் சென்னைக்கு விமானம் வந்தது. நாலைந்து மாதத்தில் கொரோனா வந்து மூடியது. 2022 டிசம்பர் 12 அன்றுதான் மறுபடி பறந்தது. இப்போது திருச்சிக்கும் நேரடி விமானம் உண்டு. எல்லாம் சின்ன விமானங்கள். தி. நகரில் பட்டும் நகைப்பெட்டியும் வெண்கலக் குத்துவிளக்கும் வாங்கிக் குவித்த யாழ்ப்பாணத்து அத்தைக்கு எடைத் தராசுதான் எமன். கொழும்பு வழியாகப் போனால் கூடுதலாகக் கொண்டுபோகலாம், பிறகு இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே போக வேண்டும். எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். புயல் வந்தால் அந்தக் கணக்கும் போச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓடுபாதையை நீரில் ஆழ்த்தியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையை உருக்குலைத்தபோது, பயணம் போடுவதாக இருந்த பல வீடுகள் அந்தப் பணத்தை மலையகத்து உறவுக்கு அனுப்பின.

அப்படியும் நிற்காத பயணம் ஒன்று உண்டென்றால் அது சபரிமலை. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, 41 நாள் மண்டல விரதம் டிசம்பர் 26, 27 வாக்கில் முடிய, பிறகு மகரவிளக்கு வரை தொடரும் அந்தக் காலம்தான் இலங்கைத் தமிழரின் உண்மையான டிசம்பர் சீசன் என்று நான் சொல்வேன். ஹட்டன், நுவரெலியா, கொழும்பு, மட்டக்களப்பு என்று எங்கும் குருசாமிகள் உண்டு. பயண ஏற்பாடு முழுவதும் அவர்கள் கையில். விசா விண்ணப்பம், குழு டிக்கெட், கேரளத்தில் வண்டி, ஆன்லைன் தரிசன முன்பதிவு என்று ஒரு டிராவல்ஸ் செய்யும் அத்தனையையும் குருசாமி செய்கிறார், கட்டணம் மட்டும் தட்சிணை. மலையகத்துச் சாமிகள் சிலர் திரும்பும் வழியில் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் தாத்தா காலத்து ஊரைத் தேடிப்போய் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டும் வருவார்கள். 2025இல் இலங்கை அமைச்சரவை இந்த யாத்திரையை அங்கீகரித்தது. தமிழ்நாட்டுச் சாமிக்கு இது வெளிநாட்டுப் பயணமே இல்லை. வேன் பிடித்தால் ஒரு ராத்திரியில் எருமேலி. அவர் மண்டலம் முடிந்து மாலையைக் கழற்றிவிட்டு, மறுநாள் குடும்பத்தோடு பாங்காக் போகிறார்.

சிங்கள பௌத்தருக்கும் இதே மாதங்கள்தான். கயாவில் வெயில் தணிந்திருக்கும் நவம்பர் முதல் பெப்ரவரிக்குள் 'தம்பதிவ' யாத்திரைக் குழுக்கள் ஒரு பிக்குவின் தலைமையில் புத்தகயா, சாரநாத், குசிநகர், லும்பினி என்று சுற்றிவருகின்றன. சென்னையில் இறங்கி ரயில் ஏறிய தலைமுறைக்கு எழும்பூர் கென்னட் லேனில் உள்ள மகாபோதி மடம் நன்றாகத் தெரியும். குருசாமி செய்யும் வேலையை அங்கே பிக்கு செய்கிறார்.

மறுபடி சபரிமலைக்கு வருவோம். சாமிகள் தலையில் சுமந்துபோகும் இருமுடியில் தேங்காய் இருக்கும். கேபினில் தேங்காய் கொண்டுபோக இந்திய விமானங்களில் பொதுவாக அனுமதியில்லை, எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று. 2024 அக்டோபரில் இந்திய விமானப் பாதுகாப்புப் பிரிவு இருமுடிக்கு மட்டும் விலக்கு அளித்து, பரிசோதனைக்குப் பிறகு 2025 ஜனவரி 20 வரை கையோடு எடுத்துப்போகலாம் என்றது. அந்த விலக்கு இந்திய விமான நிலையங்களுக்கு. கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறுகிற சாமி தன் விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் இருமுடியைச் சென்னையிலோ கொச்சியிலோ ஒரு கோயிலில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம்.