மெதுவாக ஓடுதல்: மனவுறுதி என்னும் கதையாடல் குறித்துச் சில குறிப்புகள்

1

நெடுந்தூர ஓட்டத்துக்குப் புதிதாய் வந்தவர்கள் எழுதுகிற அனுபவப் பிரதிகள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கின்றன. பேருந்தைப் பிடிக்க நாலு எட்டு ஓடினாலே மூச்சு வாங்குகிற ஒருவர். ஒரு நாள் முடிவெடுக்கிறார். முதல் நாள் ஒரு நிமிடம். பிறகு 5 கி.மீ., 10 கி.மீ., அரை மாரத்தான், கடைசியில் 42.195 கி.மீ., கழுத்தில் பதக்கம், ஒரு புகைப்படம். 'என்னால் முடிந்தது என்றால் உங்களாலும் முடியும்' என்கிற முத்தாய்ப்பு. இக்கதையின் நாயகன் ஓடுகிற ஆள் அல்ல, அவருடைய மனவுறுதி. உடல் அதில் சோம்பேறி. அதட்டி வேலை வாங்கப்பட வேண்டிய கூலியாள்.

இந்தக் கதையாடலை இரண்டு காரணங்களுக்காக விமர்சிக்க வேண்டியிருக்கிறது. யாரால் ஓட முடியும், எங்கே, எப்போது என்கிற கேள்வியை அது மறைக்கிறது. அதைவிட, ஓட்டப் பயிற்சியைப் பற்றியே அது சொல்வது உண்மையில்லை. நானும் நாற்பதைத் தாண்டி ஓடப் பழகிக்கொண்டிருப்பவன் என்பதால் இந்த இரண்டாவதைக் கொஞ்சம் உள்ளிருந்தே பேச முடியும். "ஓடுறதுக்கெல்லாம் என்னங்க கோட்பாடு, சும்மா ஓட வேண்டியதுதானே" என்றார் ஒரு நண்பர். சும்மா ஓடுவது என்று ஒன்று இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

2

முதலில் அட்டவணை. ஒன்பது வாரத்தில் 5 கி.மீ. என்று இன்று பல நாடுகளில் புழங்குகிற திட்டத்தை 1996இல் வகுத்தவர் ஜோஷ் கிளார்க் என்கிற அமெரிக்கர். ஐம்பது வயதைக் கடந்த தன் தாயாரை மனத்தில் வைத்து வகுத்தது. பின்னாளில் பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையே அதை எடுத்துக்கொண்டது. முதல் வாரம்: ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாள் நடையே இல்லாமல் 20 நிமிடம். ஒன்பதாம் வாரம் 30 நிமிடம். அவ்வளவுதான்.

ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு உடனே பொறி தட்டும். 1975இல் வெளிவந்த 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில், படைமுகாமையும் பள்ளிக்கூடத்தையும் முன்வைத்து அவர் விவரிக்கிற 'பணிந்த உடல்'களின் தொழில்நுட்பம் அத்தனையும் இதில் இருக்கிறது: காலத்தைத் துண்டு போடுதல், துண்டுகளைப் படிநிலையாக அடுக்குதல், ஒவ்வொரு படியின் முடிவிலும் ஒரு தேர்வு. ஒரு வித்தியாசம், இங்கே கண்காணிப்பாளர் வெளியில் நிற்கவில்லை, மணிக்கட்டில் இருக்கிறார். (இன்றைய கடிகாரம் இதயத் துடிப்பையும் தூக்கத்தையும்கூடக் கணக்கெழுதித் தன் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுகிறது.) எழுபதுகளுக்குப் பிந்தைய மத்தியதர வர்க்கம் தன் உடலைத் தானே மேய்க்கக் கற்றுக்கொண்ட கதை என்று இதைச் சுலபமாக வாசித்துவிடலாம்.

இந்த வாசிப்பு சரி. ஆனால் பாதிதான் சரி. அட்டவணையைப் படிப்பதோடு நிற்காமல் அதன்படி காலைத் தூக்கி வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தட்டுப்படுகிறது.

3

நாலாவது வாரத்திலேயே மூச்சு சீராகிவிடுகிறது. "இன்னும் கொஞ்சம் போலாமே" என்கிறது மனசு. அட்டவணையோ வேண்டாம், நட, நாளைக்கு ஓடாதே என்கிறது. காரணம், உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே காலத்தில் வாழவில்லை. பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளத் தொடங்குகிறது. சில வாரங்களில் தசைக்குள் நுண்குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. தசைநாணும் எலும்பும் அப்படியல்ல, அவற்றுக்கு மாதக் கணக்கு. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது முதலில் பழையதைச் சிறிது அரித்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. அந்த இடைவெளியில் நுரையீரலின் தைரியத்தை நம்பி ஓடினால் முன்னங்கால் எலும்பில் வலி, குதிகால் நாணில் வலி, முற்றினால் எலும்பில் மயிரிழை விரிசல். இன்னொன்று: உடல் வலுப்பெறுவது ஓடுகிற நேரத்தில் அல்ல, ஓடாமல் இருக்கிற நாளில். ஓட்டம் ஒரு கோரிக்கை மட்டுமே; பதில் ஓய்வில்தான் வருகிறது.

ஆக, அடிபட்டு நின்றுபோகிற பலருக்கும் மனவுறுதி குறைந்ததால் அந்த நிலை வரவில்லை. அது மிஞ்சியதால் வந்தது. மெல்லோட்ட அட்டவணை உடலை அடக்குவதைவிட அதிகமாக மனத்தைத்தான் அடக்குகிறது. கட்டளையிடுகிற மனம், கீழ்ப்படிகிற உடல் என்கிற பழைய இருமையை அது, தான் அறியாமலே, கவிழ்த்துப் போடுகிறது. வெற்றிக்கதை எழுதுகிறவர்கள் இதே அட்டவணையைப் பின்பற்றித்தான் ஓடி முடிக்கிறார்கள். எழுதும்போது மட்டும் பட்டத்தை மனவுறுதிக்குச் சூட்டிவிடுகிறார்கள்.

இந்த 'மெது'வுக்கு ஒரு வரலாறு உண்டு. நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கிப் பயிற்சி முறையொன்றை உருவாக்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் (800 மீ.), முர்ரே ஹால்பர்க் (5000 மீ.) இருவரும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். நெடுந்தூரமே அடித்தளம் என்கிற அதே கருத்தை அவர் நடுவயதினரிடமும் இதய நோயாளிகளிடமும் கொண்டுபோனார். விதி எளிமையானது: கூட ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடு. 1962இல் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், தன்னைவிட மூத்த ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். ஊர் திரும்பி, 1967இல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து அவர் எழுதிய மெல்லோட்டப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. இதே பவர்மேன் 1964இல் ஃபில் நைட்டோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் பின்னால் நைக்கி ஆனது. ஆக்லாந்தில் கூட்டமாகப் பேசிக்கொண்டு ஓடியது, கடல் தாண்டியதும் தனிமனிதன் + காலணி என்று சுருங்கிய இடம் இது. பேச்சு போயிற்று, சரக்கு வந்தது.

4

இனி, மனவுறுதி மறைக்கிற கேள்வி. விடியற்காலையில் நம் சிறுநகரங்களின் அரசுப் பள்ளி மைதானங்களில் இரண்டு வகைப் புதிய ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு வகை, சர்க்கரைக்கும் தொப்பைக்கும் பயந்து வந்த என்னைப் போன்றவர்கள். இன்னொரு வகை, காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டிய பையன்கள். ராணுவ ஆள்சேர்ப்பில் முழு மதிப்பெண்ணுக்காக 1.6 கி.மீ.ஐ 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்கப் பார்ப்பவர்கள். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்துக்குப் பிறகு அந்த ஓட்டத்துக்குக் கிடைப்பது நாலு வருட வேலை. அதற்கப்பால் நிலைப்பவர்கள் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேர். அறிவிப்பு வந்த பிறகு தேர்வுக்கு எத்தனை வாரம் இருக்கிறதோ அதுதான் இவர்களுடைய அட்டவணை. எலும்புக்கு மாதக் கணக்கு வேண்டும் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அவர்களில் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "உங்களுக்குத்தான் வேலை இருக்கே சார், அப்புறம் எதுக்கு ஓடுறீங்க?" கோட்பாட்டுக் கட்டுரைகள் எதிலும் இத்தனை துல்லியமான கேள்வியை நான் படித்ததில்லை. மெதுவாக ஓடுவது ஒரு சொத்து. அது சம்பளத்தோடும் ஓய்வு நேரத்தோடும் சேர்ந்து வருகிறது.

பெண்களுக்கு இந்தச் சொத்து சட்டப்படியே மறுக்கப்பட்டிருந்தது. 1928 ஆம்ஸ்டர்டாமில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று கூச்சல் போட்டு, 1960 வரை அந்தப் போட்டியையே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கி வைத்தார்கள். (ஆண்கள் விழுந்தால் வீரம்; பெண்கள் விழுந்தால் பலவீனம்.) 1967 பாஸ்டன் மாரத்தானில் எண் அணிந்து ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை ஓட்டத்தின் நடுவிலேயே இழுத்து வெளியேற்றப் பார்த்தார் ஓர் அதிகாரி. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல். சட்டம் மாறிவிட்டது. விடியாத தெருவில் தனியாக ஓடுகிற பெண்ணைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டதா?

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அஹ்மத் ஆர்பெரி என்கிற கறுப்பின இளைஞர் குடியிருப்புத் தெருவொன்றில் ஓடிக்கொண்டிருந்தபோது வெள்ளையர் மூவர் வண்டிகளில் துரத்தினார்கள். அவர்களில் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவர்கள் கண்ணுக்கு, ஓடுகிற கறுப்பு உடல் திருடனின் உடல். ஊர்த் தெருவில் தலித்துகள் செருப்புப் போட்டு நடப்பதும் சைக்கிளில் ஏறிப்போவதும் தடுக்கப்பட்ட கிராமங்களைக் கொண்ட நமக்கு இது வெளிநாட்டுச் செய்தி அல்ல. காலணி வாங்கினால் போதும், சாலை எல்லோருக்கும் பொது என்கிற விளம்பர வாக்கியத்தை இங்கே வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

5

எழுத்தாளர்களுக்காக இரண்டு பிரதிகளைக் குறிப்பிட வேண்டும். நாட்டிங்ஹாமின் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த ஆலன் சில்லிட்டோ 1959இல் வெளியிட்ட 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை' கதையில், சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட ஸ்மித் என்கிற பையனை அதன் தலைமை அதிகாரி ஓட்டப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறார். கோப்பை அவருக்கு வேண்டும். விடியலில் தனியாக ஓட அனுமதி கிடைக்கிறது. ஓட ஓட அவன் யோசிக்கிறான். பந்தயத்தில் எல்லோரையும் முந்திவந்து, எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். ஹருகி முரகாமி தன் ஓட்ட அனுபவங்களைப் பற்றி 2007இல் வெளியிட்ட நூலில் எந்த அதிகாரியும் இல்லை. 1982இல், முப்பத்து மூன்று வயதில் ஓடத் தொடங்கிய நாவலாசிரியர் தன் தாங்குதிறனைத் தானே வளர்த்துக்கொள்கிறார். எழுத்துக்கும் ஓட்டத்துக்கும் ஒரே ஒழுங்கு. அழகான, நேர்மையான நூல். ஆனால் கட்டாயப்படுத்துகிறவர் யாரும் அங்கே தென்படாததால், மறுக்கவும் அங்கே எதுவும் இல்லை.

ஃபூக்கோவிய வாசிப்பு பாதிதான் சரி என்று மேலே சொன்னதற்கு ஸ்மித்தே சான்று. அவன் உடலைப் பழக்கியது அதிகாரம். ஆனால் பழக்கப்பட்ட அந்த உடம்புதான், ஜெயிக்க முடிகிற அந்த உடம்புதான், மறுப்பதற்கான கருவியாகிறது. ஓடத் தெரியாதவன் நின்றால் அது தோல்வி. ஜெயிக்கக்கூடியவன் நின்றதால்தான் அது அரசியல். ஸ்மித்தின் குறையும் இங்கேயே இருக்கிறது. அவன் தனியன்; கூட ஓடிப் பேசுவதற்கு ஆளில்லை.

6

கடைசியாக, நம் பக்கம். மாரத்தானின் தொன்மம் ஒரு சாவில் தொடங்குகிறது: வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டு விழுந்து செத்த தூதுவன். ஹெரோடோட்டஸ் எழுதிய தூதுவனோ ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு உதவி கேட்டு ஓடியவன். அவன் செத்ததாக அவர் எழுதவில்லை. சாவு பல நூற்றாண்டுகள் கழித்து, புளூட்டார்க், லூசியன் எழுத்துகளில்தான் வந்து சேர்கிறது. அந்தச் சாவை நம்பி, சொற்பொருளியல் அறிஞரான மிஷெல் ப்ரெயால் யோசனை சொல்ல, 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் போட்டி உருவானது. 42.195 கி.மீ. என்கிற 'புனித' எண்ணும் 1908 லண்டனில், வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரச குடும்பத்தின் இருக்கைக்கு எதிரே முடியும்படி வகுத்த பாதையிலிருந்து வந்ததுதான்.

விழுந்து சாகிற தூதுவனை நம் இயக்கங்கள் வேறு பெயர்களில் கொண்டாடியிருக்கின்றன. முழுநேர ஊழியர்கள் நாற்பது வயதில் உடம்பு நொறுங்கி, குடும்பம் சிதறி, கசப்போடு ஒதுங்கியதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். "தாக்குப்பிடிக்க முடியல, போயிட்டாரு" என்று ஒரு வரியில் கணக்கை முடித்துக்கொண்டோம். அங்கேயும் குற்றவாளி மனவுறுதிக் குறைவுதான்!

சமூகத்தை உடலாக உருவகிப்பது ஆபத்தான வேலை என்று எனக்குத் தெரியும். முகம், தோள், தொடை, பாதம் என்று பிரித்து வைத்த புருஷசூக்தத்தின் நிழலில் வாழ்கிறவர்கள் நாம். ஆகவே இதை உருவகமாகச் சொல்லவில்லை, வேலைக் கணக்காகவே கேட்கிறேன். கூட வருகிறவரோடு பேச முடியாத வேகத்தில் ஓடுகிற ஓர் அமைப்பில் முதலில் நின்றுபோவது யார்? எனக்கு ஓய்வுநாள் என்று அட்டவணை சொல்கிற காலையில் என் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பது யார்? மைதானத்துத் தம்பிக்கு அந்த ஓய்வுநாளை வாங்கிக் கொடுப்பது எந்தக் கோரிக்கைப் பட்டியலில் இருக்கிறது? எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்களுக்கு இது புதிய கேள்வியும் அல்ல. நெடுந்தூரம் போக வேண்டும் என்று நாம் நிஜமாகவே நினைத்தால், வீரத்தைப் பற்றிப் பேசுவதைச் சற்று நிறுத்திவிட்டு ஓய்வைப் பங்கிடுவது பற்றிப் பேசத் தொடங்கலாம்.