தாயும் மகளும் காத்த ரகசியம்

2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வந்த ‘அயலி’ இன்னும் மனதை விட்டு அகலவில்லை. முத்துக்குமார் இயக்கிய எட்டு அத்தியாயத் தொடர். 1990களின் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், வீரப்பண்ணை. அங்கே வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அடுத்தது கல்யாணம்தான். டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் பெரியவளானதையே மறைத்துவிடுகிறாள்.

தமிழ்ச்செல்வியாக அபி நட்சத்திரா துறுதுறுவென்று மனதில் ஒட்டிக்கொள்கிறார். ஆனால் என் கண் நின்றது அனுமோள் நடித்த அம்மா குருவம்மாளிடம். ஊருக்கும் சாமிக்கும் பயந்தே வாழ்ந்தவள், உண்மை தெரிந்ததும் மகளின் ரகசியத்துக்குக் காவலாகிறாள். பயம் அவள் முகத்தை விட்டுப் போவதில்லை. மகளையும் அவள் விட்டுக்கொடுப்பதில்லை. மகள் படிக்கப் படிக்க அம்மாவும் வளர்கிறாள்.

வீட்டு ஆண்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.