கையைப் பிடித்து நிறுத்தும் செல்

கிருமியைக் கொல்லும் வெள்ளையணுவைப் புகழப் பலர் உண்டு. அதை அடக்கி வைக்கும் ஒழுங்காற்று டி செல்லின் அழகைத்தான் அதிகம் பேர் அறியவில்லை.

1995-இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி இதைச் சுண்டெலிகளில் அடையாளம் காட்டினார். இந்தச் செல்களை விலக்கியதும் எலியின் எதிர்ப்புச் சக்தி சொந்த உறுப்புகளையே தாக்கியது. ஒட்டவைத்த வேற்றுத் தோலையும் இன்னும் மூர்க்கமாக எதிர்த்தது. செல்களைத் திரும்பச் செலுத்தியபோது நோய் வரவில்லை. எத்தனை நேர்த்தியான சோதனை!

தாக்கும் செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூக்கின்-2-ஐத் தானே உறிஞ்சிக்கொள்வது இதன் உத்திகளில் ஒன்று.

இந்த அடக்கும் திறன் உறுப்பு மாற்றத்திலும் உதவலாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை. கூடவே தொற்று, புற்றுநோய் அபாயம். 2020-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், ஒழுங்காற்று டி செல் உள்ளிட்ட ஒழுங்காற்றுச் செல்கள் செலுத்தப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் டாக்ரோலிமஸ் என்ற ஒரே மருந்தோடு சமாளித்தனர்.

2025-இல் சகாகுச்சிக்கும் இரு அமெரிக்க ஆய்வாளர்களுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. மிகத் தகுதியான பரிசு.