அட்டையில் அச்சான எதிர்காலம்

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களை அட்டைகளாக அச்சிட்டு விற்ற அமெரிக்க நிறுவனமான டாப்ஸ், 1982இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் வருங்கால நட்சத்திரங்கள் என்று மூன்று இளைஞர்களை ஒரே அட்டையில் போட்டது. அவர்களில் கால் ரிப்கன் 2,632 ஆட்டங்களில் இடைவிடாமல் ஆடி வரலாறானார். பாப் பானர் 61 ஆட்டங்களோடு நின்று, பின்னர் ஜாம்பியாவுக்குக் கிறிஸ்தவ ஊழியராகப் போனார். ஜெஃப் ஷ்னைடர் ஆடியது 11 ஆட்டங்கள். இன்று அந்த அட்டைக்கு விலை கூடியிருப்பது ரிப்கனின் முகத்துக்காக மட்டுமே. ஆனால் அதன் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. வென்றவர் யாரென்று தெரிந்தபின் எழுதப்படும் வரலாற்றில் பானருக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது. யாருக்கும் எதுவும் தெரியாத நாளில் அச்சான அட்டையோ மூவருக்கும் சமமான இடம் தந்தது. விளையாட்டு உலகம் யாரையெல்லாம் நம்பியது என்பதற்கு அதைவிட நேர்மையான ஆவணம் இல்லை.

வருங்கால நட்சத்திரத்தை முன்கூட்டியே அறிவிக்கும் இந்த வழக்கம் நமக்கும் அந்நியமல்ல. ஐபிஎல் 2008 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஓர் இளம் வீரரைத் தேர்ந்து விருது தருகிறது; பத்திரிகைகள் அவரை நம்பிக்கை நட்சத்திரம் என்று எழுதுகின்றன. அந்தப் பட்டியலில் ரோஹித் சர்மாவும் ரிஷப் பந்தும் சுப்மன் கில்லும் இருக்கிறார்கள். இந்திய மூத்தோர் அணிக்கு ஒருமுறைகூட ஆடாத ஸ்ரீவத்ஸ் கோஸ்வாமியும் இக்பால் அப்துல்லாவும் அதே பட்டியலில்தான். கேரள அணிக்கு ஆடியவர்கள் இருவர்: 2013இல் திருவனந்தபுரத்துக் கடலோரத்தின் சஞ்சு சாம்சன், 2017இல் பெரும்பாவூரின் பேசில் தம்பி. இவ்விருவரின் பாதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வழக்கத்தின் குறை எங்கே என்று தெரிகிறது. சஞ்சு 2015 ஜூலையில் ஹராரேயில் முதல் சர்வதேச டி20 ஆடினார். இரண்டாவது ஆட்டம் 2020 ஜனவரியில்தான் வாய்த்தது. அந்த நாலரை ஆண்டு இடைவெளிக்கு, தேர்வாளர்களின் கணக்கும் மற்ற விக்கெட் கீப்பர்களின் வரிசையும் பெருங்காரணங்கள். சஞ்சுவுக்கும் அப்படியோர் அட்டை இருந்து, 2019 முடிவில் அதை ஒருவர் எடுத்துப் பார்த்திருந்தால், பொய்த்துப்போன ஆரூடம் என்றே சொல்லியிருப்பார். 2024இல் அதே கை ஹைதராபாத்திலும் டர்பனிலும் அடுத்தடுத்த இரு டி20 ஆட்டங்களில் சதம் அடித்தது. திறமை இருந்ததா என்ற கேள்வியையும் வாய்ப்பு வந்ததா என்ற கேள்வியையும் அட்டை ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. ஆரூடம் பலித்தால் கணித்தவருக்குப் பெருமை. பலிக்காவிட்டால் பழி முழுவதும் பையன் தலையில். பேசில் தம்பி 2017 டிசம்பரில் இந்திய டி20 அணியில் சேர்க்கப்பட்டும் களமிறக்கப்படவில்லை. மறு ஆண்டு ஓர் ஐபிஎல் ஆட்டத்தில் நான்கு ஓவரில் 70 ரன் கொடுத்தார். அந்த ஒரு மாலை பரவலாக நினைவில் நின்றதற்கு, அவர் நெற்றியில் ஏற்கெனவே ஒட்டியிருந்த பட்டமும் காரணம் என்றே நினைக்கிறேன்.

இப்படிப் பட்டம் சூட்டாவிட்டால் கேரளப் பையனை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். கேரளத்துக்கு ஆடிய ஒருவர் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆட 2001 டிசம்பர் வரை, டினு யோஹன்னான் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. புறக்கணிக்கப்பட்ட மாநிலத்துக்குக் கொஞ்சம் உரத்த குரல் தேவை. ஆனால் கதவைத் திறந்தது அடைமொழியா, ஆட்டமா? அப்போது கேரள மூத்தோர் அணிக்கு ஆடியிராத விக்னேஷ் புத்தூரை, காரியவட்டத்தில் நடக்கும் கேரள கிரிக்கெட் லீக் கண்டெடுக்க உதவியது. 2025 மார்ச்சில் மும்பை இந்தியன்ஸுக்கு முதல் ஆட்டத்திலேயே சென்னையின் மூன்று விக்கெட்டுகளை எடுத்தார். ஆள் பிடிக்க வந்தவர்கள் பார்த்தது இடக்கை மணிக்கட்டுச் சுழலை. யாரும் எழுதிய ஆரூடத்தை அல்ல. ரசிகர்களுக்கு இதெல்லாம் வெறும் ஊகம் என்று தெரியும், இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்பது இன்னொரு வாதம். ரசிகர்களுக்குத் தெரியலாம். ஏல மேசைக்கும் விளம்பரக்காரர்களுக்கும் அது விலை. பத்தொன்பது வயதில் அந்த விலையைச் சுமப்பவருக்கோ அது தினசரிப் பாரம்.

இதற்காக அட்டையும் விருதும் ஒழிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வருங்காலத்தைச் சொல்லும் வரியை எடுத்துவிட்டு, எந்த ஆட்டத்தில், எந்த ஆடுகளத்தில், யாருக்கு எதிராக என்ன செய்தார் என்பதை அச்சிடட்டும். அது என்றைக்கும் பொய்யாகாது. அந்த அளவுகோல் வந்தால் திருவனந்தபுரத்தின் ரோஹன் பிரேமுக்கும் ஓர் அட்டை உண்டு. ஐபிஎல்லின் இளம் வீரர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை, இந்தியத் தொப்பியும் இல்லை. கேரளத்துக்காகப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் இடக்கையால் ஆடி, முதல்தர ஆட்டங்களில் ஐயாயிரம் ரன்களைக் கடந்தவர் அவர்.