வெட்டுப்பட்டால் மறுபடி தாயம்

எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், தாயம் ஆடும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. ராசிபுரம் பக்கம் ஓட்டு வீடு, திண்ணையில் சாக்கட்டியால் கிழித்த கட்டம், கட்டைக்குப் பதில் ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த புளியங்கொட்டை. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிராளி வெட்டினால் காய் வெளியே போய்விடும். மறுபடி தாயம் விழ வேண்டும், மறுபடி முதல் கட்டத்திலிருந்து நடக்க வேண்டும். பெருக்கல் குறி போட்ட கட்டத்துக்கு மலை என்று பெயர். மலையில் உட்கார்ந்த காயை எவனும் தொட முடியாது. எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டாதவனுக்கு ஒரு காயும் பழுக்காது, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

2021 நவம்பர் கடைசியில் சேலத்துக்குப் போய் ‘மாநாடு’ பார்த்தபோது இந்தத் திண்ணைதான் ஞாபகத்துக்கு வந்தது. கூட வந்தவன் அக்கா மகன், அப்போது பத்தாவது. படத்தில் அப்துல் காலிக்காக வரும் சிம்பு செத்து, மறுபடி விமானத்தில் அதே இருக்கையில் கண் விழித்ததும் பின்வரிசையில் ஒருவர், “என்னப்பா, ரீலை மாத்திப் போட்டுட்டானா?” என்றார். பையன் என் காதருகே வந்து, “செக்பாயின்ட்டுங் மாமா. செத்தா இங்கிருந்துதான் ஆரம்பிக்கோணும்” என்றான். பின்வரிசைக்காரருக்கு அரை மணி நேரம் பிடித்த விஷயம் இவனுக்கு அரை நொடியில் புரிந்துவிட்டது. அவர் கதை கேட்க வந்தவர். இவன் ஆட்டம் பார்க்க வந்தவன்.

டைம் லூப், டைம் மெஷின் வகைப் படங்களில் பலவற்றுக்கு எலும்புக்கூடு வீடியோ கேம்தான். லைஃப், லெவல், சேவ், ரீஸ்டார்ட். இவற்றைக் கதையாகவே கேட்டால் ‘எத்தனை தடவைய்யா இதையே காட்டுவான்’ என்று அலுக்கும். யாரோ ஆடுகிற ஆட்டத்தைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் பார்த்தால் ருசி வேறு. அந்த ருசி பழகுவதற்கு என் அனுபவத்திலிருந்து சில வழிகள். நடுநடுவே கதை உடையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், காய் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். ‘மாநாடு’ படத்தில் அது கோயம்புத்தூருக்கு வரும் விமான இருக்கை. ஊட்டியில் நண்பனின் காதலைச் சேர்த்து வைக்க வருகிறவன், மாலைக்குள் முதலமைச்சரைச் சுடும்படி மாட்டிவிடப்படுகிறான். செத்தால் மறுபடி அதே இருக்கை. இயக்குநர் வெங்கட் பிரபு இறங்குகிற கட்டத்தை வானத்தில் வைத்தது சும்மா இல்லை. வில்லனின் கை எட்டாத இடம் அது ஒன்றுதான், ஆக அதுவே மலையும்கூட. யோசிக்க அவனுக்குக் கிடைக்கிற நேரமெல்லாம் தரை இறங்குவதற்குள்தான். ஒவ்வொரு தடவையும் அந்த இருக்கையில் அவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் கவனியுங்கள். முதலில் குழப்பம், பிறகு பயம், பிறகு கணக்கு. சிம்புவின் நடிப்பு வளர்வது சண்டைக் காட்சியில் இல்லை, அந்த சீட் பெல்ட்டுக்குள்தான்.

அடுத்தது, படம் எதைத் திரும்பக் காட்டவில்லை என்பது. முதல் சுற்று முழுதாக ஓடும், இரண்டாவது பாதியாகும், ஏழாவது எட்டாவது சுற்றெல்லாம் நாலு ஷாட்டில் முடிந்துவிடும். ‘ஆரண்ய காண்டம்’ படத்துக்குத் தேசிய விருது வாங்கிய பிரவீன் கே.எல்.தான் ‘மாநாடு’க்கும் படத்தொகுப்பு. அவர் வெட்டி எறிந்ததை நம் மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. கேம் ஆடத் தெரிந்தவன் தெரிந்த லெவலை வேகமாக ஓடிக் கடக்கிற அதே கை வேகம்.

இந்த வித்தையின் உச்சம் டாம் குரூஸ் நடித்த ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ (2014). ஏலியன்களோடு நடக்கிற போரில் செத்துச் செத்துப் பிழைக்கிறவன், ஒரு பெண் வீராங்கனையோடு ஆளில்லாத பண்ணை வீட்டுக்கு வருகிறான். நாமும் அந்த இடத்துக்கு முதல் தடவை வந்ததாகத்தான் நினைக்கிறோம். அவளுக்குக் காபி கலந்து கொடுக்கிறான். சர்க்கரை எவ்வளவு வேண்டும் என்று கேட்கவே இல்லை, சரியாகப் போட்டுவிடுகிறான். அவளுக்குத் திக்கென்கிறது. நமக்கும்தான். இந்த வீட்டில், இந்த மேசையில், இவன் எத்தனை தடவை இவளைச் சாகக் கொடுத்திருக்கிறான்? ஒரு பிணத்தைக்கூடக் காட்டவில்லை, சர்க்கரை போதும். இதுபோன்ற இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் படமே போச்சு.

மூன்றாவது கேள்வி: யாருக்கு ஞாபகம் இருக்கிறது? என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். கேமில் செத்தால் பொம்மைக்கு எதுவும் நினைவிருக்காது, பட்டனைத் தட்டுகிற நமக்குத்தான் இருக்கும். சினிமா அந்த ஞாபகத்தைப் பொம்மையின் தலைக்குள் வைக்கிறது. 1998-இல் ஜெர்மனியில் டாம் டிக்வர் எடுத்த ‘ரன் லோலா ரன்’ படத்தில் லோலாவுக்கு இருபது நிமிடத்தில் ஒரு லட்சம் மார்க் வேண்டும், இல்லையென்றால் காதலன் செத்தான். மூன்று தடவை ஓடுகிறாள். முதல் ஓட்டத்தில் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டை எடுக்கத் தெரியாமல் காதலன் சொல்லித் தருகிறான். இரண்டாவது ஓட்டத்தில் தானாகவே எடுக்கிறாள். அவளுக்குப் பழைய ஓட்டம் ஞாபகம் இருக்கிறது என்று படத்தில் யாரும் வசனம் பேசவில்லை. கட்டை விரல் சொல்லிவிடுகிறது.

‘மாநாடு’ இதே இடத்தில் தன் பெரிய சீட்டை இறக்குகிறது. காலிக்கின் ரத்தம் உடம்பில் கலந்ததால் போலீஸ் அதிகாரி தனுஷ்கோடிக்கும் போன சுற்று, அதற்கு முந்தின சுற்று எல்லாம் ஞாபகம் இருக்கிறது. டாம் குரூஸ் படத்தில் வேற்று ரத்தம் ஏறினதும் சக்தி போய்விடும். இங்கே ரத்தம் ஏறினதும் சக்தி ஒட்டிக்கொள்கிறது. வாங்கின கடனைத் தலைகீழாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள், நன்றாகவே தந்திருக்கிறார்கள். அதுவரை தனியாள் ஆடின கேம் அந்த நொடியில் இரண்டு பேர் ஆட்டமாகிவிடுகிறது. அதற்குமேல் தனுஷ்கோடியாக வரும் எஸ்.ஜே. சூர்யாவைப் பாருங்கள். திரும்பத் திரும்பத் தோற்கிறவனின் அலுப்பு அவருக்குத்தான் இருக்கிறது, ஹீரோவுக்கு இல்லை. மேலிடத்தில் போய் நிலைமையை விளக்குகிற காட்சியில் அவர் இழுத்துச் சொன்ன அந்த ‘ரிப்பீட்டு’ ஊர் வழக்காகிவிட்டது. நாமக்கல் டீக்கடையில் இரண்டாவது டீ சொல்வதற்குக்கூடக் கொஞ்ச நாள் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

அமுச்சியோடு வீட்டு டிவியில் இதே படத்தைப் பார்த்தோம். முட்டைப் பண்ணைக் கணக்கு எழுதிக்கொண்டே அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர், வில்லனின் ரகசியம் உடைவதற்கு வெகு முன்னாலேயே அக்கா மகனிடம், “அந்தப் போலீசுக்காரனுக்கும் காய் இருக்குமே, அது எங்கடா?” என்றார். அவன் ரிமோட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

இங்கே ஒரு சச்சரவு உண்டு. இது அறிவியல் புனைவா? காலிக் சுழலில் மாட்டுவதற்குக் காரணம் உஜ்ஜைன் கோயில், காலபைரவர் என்று படம் சொல்கிறது. அறிவியல் எங்கே என்று என் நண்பர் ஒருவர் இன்னமும் சண்டைக்கு வருவார். எனக்கு அது கேசட்டின் மேல் ஒட்டின படம் மாதிரி. ஏலியன் ரத்தமோ, கோயிலோ, கடிகாரமோ, காரணம் எதுவாகவும் இருக்கலாம். விதியைச் சொல்லிவிட்டுக் கடைசிவரை அதற்குக் கட்டுப்பட்டு ஆடினால் சரி. நடுவில் மாற்றினால் போங்கு ஆட்டம். விக்கிரமாதித்தன் வாயைத் திறந்தால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும் என்பதும் ரீஸ்டார்ட்தானே. அந்த விதி மாறாததால்தான் அத்தனை கதையையும் அலுக்காமல் கேட்டோம்.

விதியைக் கண்டுபிடித்துவிட்டால் சில படங்கள் சட்டென்று திறந்துகொள்ளும். விக்ரம் குமார் எடுத்த ‘24’ (2016) படத்தில் சூர்யாவின் கடிகாரம் காலத்தை முப்பது நொடிதான் உறைய வைக்கும். கேமில் கிடைக்கிற பவர் மாதிரி அளவோடு. அந்த அளவு இல்லையென்றால் பதற்றமும் இல்லை. ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015) வேறு வகை. அதில் யாருக்கும் கூடுதல் உயிர் கிடையாது, பழைய சேவ் ஃபைலைத் திறந்து கை வைக்கிற வேலை. 2065-இலிருந்து வந்த மெஷினை வைத்துத் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள், எவ்வளவு நம்ம ஊர்த்தனமான யோசனை! கை தவறி, செத்திருக்க வேண்டிய ரவுடி ஒருவன் பிழைத்துவிடுகிறான். அதற்குப் பிறகு படம் முழுக்க ஒரே ஒரு தப்பைத் திருத்தும் பாடு.

எதிர்மாறாக ‘ரா.ஒன்’ (2011). கேமிலிருந்தே வில்லன் வெளியே வருகிறான், லெவல் என்கிறார்கள், கிராபிக்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் ஆட்டத்தின் உடுப்பைத்தான் போட்டிருக்கிறது, உள்ளே ஓடுவது வழக்கமான சண்டைப் படம். அதில் யாரும் தோற்றுக் கற்றுக்கொள்வதில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இந்த விதி விளையாட்டு புதிதும் இல்லை. ஏற்காடு ரோட்டில் வளைவு மட்டும் மிச்சமிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸை டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கினார். ஹாலிவுட்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து 1952-இல் அவர் எடுத்த ‘தி ஜங்கிள்’ படத்தில், காட்டு யானைகள் மிரண்டு ஓடுவதற்குக் காரணம் அழிந்துபோன கம்பளி யானைகள் திரும்ப வந்ததுதான். இந்தியாவின் முதல் அறிவியல் புனைவுப் படங்களில் அதற்கு இடம் உண்டு. ஆனால் கேம் மூளை தெரிவது நாலு வருஷம் கழித்து வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில். ‘திறந்திடு சீசேம்’ என்றால் குகை திறக்கும். விதியை முதலில் நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், எம்.ஜி.ஆர். அதை வைத்து ஜெயிப்பதைக் காட்டுகிறார்கள். பிறகு எம்.ஜி. சக்கரபாணி நடித்த காசிம் உள்ளே போய், தங்கத்தைப் பார்த்த கிறுக்கில் அந்தச் சொல்லை மறந்துவிடுகிறார். கதவு திறக்காது. அவ்வளவுதான், உயிர் போச்சு. மறுபடி தாயம் போட வழியில்லாத ஆட்டம்.

எங்கள் காலத்துக் குகை, நாமக்கல்லில் ஒரு மாடியறையில் இருந்த டிவி கேம் கடை. அரை மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குவார்கள். ‘காண்ட்ரா’ போட்டதும் மேலே மேலே கீழே கீழே இடது வலது இடது வலது பி ஏ என்று தட்டினால் முப்பது உயிர். எங்கள் சீசேம் அதுதான். முப்பது உயிர் வந்ததும் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும், எவனும் குனியக்கூட மாட்டான். மூன்று உயிரோடு ஆடினால்தான் உள்ளங்கை வியர்க்கும். காசு போட்டு ஆடுகிற ஆர்கேட் மெஷின்கள் பெரும்பாலும் மூன்று உயிர் கொடுத்ததற்குக் காரணம் வியாபாரம். சீக்கிரம் செத்தால்தானே அடுத்த காசு விழும்.

அந்த மூன்றைப் பணத்திலிருந்து பிரித்து வேறொன்றாக மாற்றிய படம் அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019). இந்த வகையில் தமிழில் வந்தவற்றில் எனக்கு முதலிடம் இதற்குத்தான்; ‘மாநாடு’ அளவுக்குக் கைதட்டல் இதற்கு விழவில்லை என்பது வேறு. டாப்ஸி நடிக்கும் ஸ்வப்னா கேம் உருவாக்குகிறவள், பேக்மேன் ஆடுகிறவள். பழைய வன்கொடுமையின் நினைவில் இருட்டைக் கண்டால் நடுங்குவாள். உயிரை விடப் பார்த்துக் கீழே குதித்து, இரண்டு காலிலும் கட்டோடு சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கையில் குத்திக்கொண்ட பச்சையின் மையில், கொலையுண்ட ஒரு பெண்ணின் சாம்பல் தெரியாமல் கலந்திருக்கிறது. முகமூடி போட்டவர்கள் வீட்டுக்குள் நுழைகிற இரவில் அவளுக்கு மூன்று உயிர்.

ஓடுகிற பட்டனையே பிடுங்கிவிட்டு ஆடச் சொன்ன கேம் இது. அதனால் முதல் பாதியில் வீட்டைப் பாருங்கள். கதவு எந்தப் பக்கம், படி எங்கே, நாற்காலி எந்த வாசலில் நுழையும், விளக்கு போனால் என்ன மிச்சம். அப்போது மந்தமாகத் தெரிகிற காட்சிகள் எல்லாம் லெவலின் வரைபடம். பிறகு விலையைப் பாருங்கள். காலிக்குக்குச் சாவு ஒரு உபாயமாகவே ஆகிவிடுகிறது, வேண்டுமானால் செத்து மறுபடி தொடங்கலாம். அந்தச் சுகத்தில் ‘மாநாடு’ சில இடங்களில் முப்பது உயிர் காண்ட்ராவாகிவிடுவதை நான் மறைக்கப் போவதில்லை. ஸ்வப்னாவுக்கு அந்தச் சலுகை இல்லை. இருந்த ஒரே உயிரைத் தூக்கி எறியப் பார்த்தவள், இப்போது மிச்சத்தை எண்ணிக்கொண்டு நிற்கிறாள்.

இரண்டாம் தடவை ‘கேம் ஓவர்’ பார்க்கும்போது டாப்ஸியை விட்டுவிடுங்கள். வினோதினி நடித்த கலாம்மாவை மட்டும் பின்தொடருங்கள். வீட்டோடு இருந்து ஸ்வப்னாவைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்குப் போன சுற்று எதுவும் ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் ராத்திரி. ஆட்டம் நடக்கிறது என்றே தெரியாமல் களத்தில் நிற்கிற காய் அவர். அந்தப் பெண்ணை எப்படிக் காப்பாற்றுவது என்று ஸ்வப்னா கணக்குப் போட ஆரம்பிக்கிற இடம் ஒன்று வரும். அக்கா மகன் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, பின்னால் தள்ளி, முந்தின சுற்றில் கலாம்மா எங்கே நின்றார் என்று தேடிப் பார்த்தான். நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனேன்.