பசுவய்யா என்று தேடினால்

நல்ல நூற்பட்டியல் பதிவு ஒன்றைப் பார்ப்பதில் எனக்குத் தனி ருசி உண்டு. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை எடுத்துக்கொள்வோம். பதிவில் 100 என்ற எண்ணுள்ள புலத்தில் ஆசிரியர், 245இல் தலைப்பு. ‘மார்க்’ என்னும் இந்த ஒழுங்கு பல நாட்டு நூலகங்களுக்கும் பொது. சு.ரா. கவிதைக்குப் பசுவய்யா என்று பெயர் வைத்துக்கொண்டார். பெயர்க்கோப்பில் யாராவது ஒருவர் இரண்டையும் இணைத்துவிட்டால் போதும். எந்தப் பெயரில் தேடினாலும் நாவலும் கவிதையும் சேர்ந்தே வரும்.

அந்த ஒருவரின் உழைப்பு, ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்கு மறுகால் பாய்வதுபோல மற்ற நூலகங்களுக்கும் போகலாம். அதற்கு வழிசெய்யும் ‘கோஹா’ மென்பொருள், நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உரிமத்துக்குக் காசில்லை; மூலநிரல் திறந்தே கிடக்கிறது. பிழை கண்டவர் திருத்தி எல்லாருக்கும் தரலாம்.

நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டுக்கு இந்தப் பதிவுப் பகிர்வு ரொம்பவே பொருந்தும். 1956 வரை மலையாளம் பேசும் பகுதிகளோடு ஒரே ஆட்சியில் இருந்த மண் இது. புளியமரத்தை மலையாளத்துக்குக் கொண்டுபோனவர் ஆற்றூர் ரவிவர்மா. அந்த நூலுக்குத் திருவனந்தபுரத்தில் நல்ல பதிவு இருந்தால் நாகர்கோவிலில் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். இங்கே செய்த தமிழ்ப் பதிவை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். முன்னெழுத்து, ஆண்டு, பதிப்பு என்று ஒவ்வொன்றையும் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்க்கும் நூலகரின் கை இருந்தால்தான் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு மதிப்பு.